இசைத்தட்டில் இல்லாத இசை

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம்தான். சளி மட்டும் முறை வைத்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த பெல்ட்டை இடுப்பில் கட்டுகிறீர்களா, கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறீர்களா?

துறைமுக வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் எனக்கே எரிச்சலாக வந்தது. போனில் நம் பேச்சு சாப்பிட்டாச்சா, கேஸ் வந்தாச்சா என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் கடைசியில். முதலில் மற்ற சமாச்சாரம்.

கண்ணாடிக் கடை பரவாயில்லை. பள்ளிக்கூடம் திறந்திருப்பதால் சின்ன ஃபிரேமாக ஓடுகிறது. பிள்ளைகள் முதலில் காட்டியதையே மாட்டிக்கொள்கிறார்கள். கூட வரும் அம்மாக்கள்தான் இருக்கிற பெட்டியையெல்லாம் இறக்கச் சொல்கிறார்கள். லென்ஸ் தேய்க்கிற மெஷின் மறுபடியும் முனக ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. உங்கள் இசைத்தட்டு அலமாரியைத் திறந்தேன். மகள் ஸ்கூலுக்குப் போனபிறகு வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் திறந்தேன். எல்லாம் முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசைக்காரர்கள், நீங்கள் சொல்கிற பரோக் காலத்து ஆட்கள், அதிலும் யாருக்கும் தெரியாத ஆட்கள். யாராவது ஒருவர் பெயர் ரேடியோவில் வந்துவிட்டால் உடனே அவரைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவீர்களே, அந்த ஒழுங்கைக் கலைக்கவில்லை. பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. நானே பட்டப்பெயர் வைத்துக்கொண்டேன். அட்டைப் படத்தில் முறைத்துக்கொண்டிருப்பவர் சம்பந்தி. ஒரே மெட்டை விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கிறவர் வட்டிக்காரர். சம்பந்தியைக் கடையிலும் போட்டேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, கடையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரித்தார்.

மகள் தன் கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்த்தாள். எந்தத் தட்டைப் போட்டாலும் சுருதி அரைப்படி இறங்கியே நிற்கிறது என்றாள். நீங்கள் இல்லாததால் இசைத்தட்டு மெஷின் பழுதாகிவிட்டது என்று இரண்டு பேரும் முடிவு செய்து ரிப்பேர்காரரைக் கூப்பிட்டோம். அவர் திறந்து, துடைத்து, மூடினார். “மெஷின் நல்லா இருக்கும்மா, பாட்டுக்கு நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் இசை மன்றத்திலிருந்து உங்கள் வருஷ டிக்கெட் வந்தது. ஊரை விட்டுப் போகும்முன் வழக்கம்போல உங்கள் ஒரு சீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். நான் தூங்கிவிடுவேன் என்பதால் எனக்கென்று நீங்கள் வாங்கியதே இல்லை. அது நியாயம்தான். சரி, வீணாகப் போகிறதே என்று கிளம்பினேன்.

பக்கத்து சீட்டில், வெயில் காலத்திலும் குடையோடு வருவார் என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தக் குடைக்காரர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தட்டு விஷயத்தைக் கேட்டேன். அந்தக் காலத்தில் சுருதி தாழ்வாகத்தான் இருந்ததாம், பழைய வாத்தியம் வாசிக்கிறவர்கள் இன்றும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்கிறார்களாம். ரிப்பேர்காரர் கதையைச் சொன்னதும் முன்வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன்.

கச்சேரியின் முதல் பாதியில் கொஞ்சம் தூங்கினேன். பொய் சொல்ல மாட்டேன். கடைசியில், எல்லாரும் கைதட்டி முடித்தபிறகு, நிகழ்ச்சித் தாளில் இல்லாத ஒன்றை வாசித்தார்கள். கால்களுக்கு நடுவே நிறுத்தி வில் போட்டு வாசிக்கிற அந்தப் பெரிய வாத்தியம் இரண்டு, கூட பியானோ மாதிரி ஒரு ஹார்ப்சிகார்ட். எழுதியவள் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சராம். வேறொருவர் எழுதியதைத் தேடும்போது நூலகத்தின் பழைய காகிதக் கட்டு ஒன்றுக்குள் இவர்களுக்கு அகப்பட்டதாம். இதற்கு இசைத்தட்டே கிடையாது, போடவும் யாரும் முன்வரவில்லை என்று வாசித்த பெண் மேடையிலேயே சொன்னார். மன்றத்தின் இந்த வருஷக் கடைசிக் கச்சேரியில் இன்னொரு தடவை வாசிப்பார்கள். அதோடு குழு கலைகிறது, ஆளுக்கொரு ஊர் போகிறார்கள்.

எப்படி இருந்தது என்று எழுத எனக்கு உங்கள் பாஷை வராது. ஒரு வாத்தியம் பாதி சொல்லி நிறுத்துகிறது, மற்றது அவசரப்படாமல் காத்திருந்து மீதியைச் சொல்கிறது. அவ்வளவுதான். அழவெல்லாம் இல்லை, எழுதினாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் இருமலுக்கு என்று பிரித்த மிட்டாய் அவர்கள் வாசித்து முடிக்கிறவரை கையிலேயே இருந்தது. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அப்படிப் பளிச்சென்று தோன்றியது.

அவர்கள் வாசிக்க ஆரம்பிக்கும்போதே குடைக்காரர் என் காதருகே, “போன்ல பிடிச்சு அவருக்கு அனுப்புங்கம்மா, குதிப்பாரு” என்றார். யாரும் தடுக்கவில்லை. முன்னால் இரண்டு மூன்று பேர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் போனை எடுத்தேன். பொத்தானைத் தொடவில்லை. திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். ஜிப் சத்தத்துக்கு ஒரு அம்மாள் முறைத்தாள்.

அனுப்பியிருந்தால் அங்கே கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டிருப்பீர்கள். ‘அருமை’ என்று ஒரு வார்த்தை வந்திருக்கும். அடுத்த நாள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். உங்களைத் திட்டவில்லை. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே வந்து சேர்ந்துவிட்டால், எதற்காக நீங்கள் கிளம்பி வர வேண்டும்? அதனால் அந்த வாசிப்பைப் பிடித்து அனுப்ப மாட்டேன். கேட்க வேண்டுமென்றால் வந்துதான் கேட்க வேண்டும். கடைசிக் கச்சேரிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: கையெழுத்துப் போட வேண்டாம். என்ன சொல்கிறாய் என்றுதான் கேட்டீர்கள், உன் இஷ்டம் என்ன என்று கேட்டிருந்தால் அன்றைக்கே போனில் சொல்லியிருப்பேன். இப்போது கேட்காமலே சொல்கிறேன். அது நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான்.

எங்கே இருந்தாலும் நல்லா இருங்கள் என்றுதான் இதுவரை உங்களுக்கு எழுதி முடித்திருக்கிறேன். இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரவில்லை. நல்லா இருங்கள், இங்கே வந்து இருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி