எல்லோரும் குனிந்திருந்த நேரம்

கபீர், என் தம்பி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வேலைக்குப் போன வெளிநாட்டிலிருந்து நீ போன் செய்தால் "சாப்பிட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்பேன். இப்போதும் கை அதைத்தான் எழுதப் போகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. டீ ஃபாக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் நின்றிருந்தேன். உன் மனைவி நசீமா போன் செய்தாள். "அக்கா, அவரு இருக்கற ஊர்ல ஏதோ பள்ளிவாசல்ல பூந்து சுட்டுட்டாங்களாம். போன் எடுக்க மாட்டேங்கறாருங்க. ஊட்டுக்கு வாங்கக்கா."

"அத்தனை பெரிய ஊர்ல பள்ளிவாசல் ஒண்ணா இருக்கும்? பதறாத கண்ணு" என்றேன். வாய்க்கு வந்த ஆறுதல் இல்லை கபீர், அதை நானே நம்பினேன். நம்பிக்கொண்டேதான் உன் வீட்டுக்கு நடந்தேன்.

உன் அறையில் தங்கியிருக்கும் கூடலூர் அஷ்ரப் சாயங்காலம் பேசினான். "சேச்சி, நான் வெளிய பைப்புல கால் கழுவிட்டிருந்தேன். அவன் முன் வரிசைக்குப் போயிட்டான். எல்லாரும் சுஜூதுல நெத்திய தரையில வெச்சிருக்கும்போது உள்ள வந்தாங்க. அவன் எந்திரிக்கவே இல்ல சேச்சி."

போனை உன்னைப் பெற்ற அத்தாவிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவராகவே வாங்கிக்கொண்டார். முழுதும் கேட்டுவிட்டு, "அவனுக்கு வலிச்சுதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே உடல் இல்லாமலே உனக்காகத் தொழுதார்கள். நசீமா என்னிடம், "தொழுதுட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுமா சுட்டாங்க?" என்றாள். தெரிந்துதான் வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிவார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வந்தார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பள்ளிவாசலில் தொழுகிறவர்கள் உண்மையான முஸ்லிம்களே இல்லையாம். சுட்ட கும்பல் அப்படி அறிவித்திருப்பதாக டிவியில் சொன்னார்கள். நீயா கபீர்? அத்தா கூடவே ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் போன நீயா? யாருடா அவர்கள், உன்னை அளந்து பார்க்க?

ஃபாக்டரியில் கூட வேலை செய்கிற ஒருத்தி, "அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கறாங்க, நமக்கென்னுங்க?" என்றாள். "செத்தது என் தம்பிங்க" என்றேன். அவள் என் பொட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நம் ஊர்ப் பள்ளிவாசல் வாசலில் போலீஸ் நின்றது. உள்ளே போகிற எல்லோரையும் தடவிப் பார்த்தார்கள். பாதுகாப்புக்குத்தான், தப்பில்லை. ஆனால் அத்தாவைக் கையைத் தூக்கச் சொன்னபோது அவர் அப்படியே நின்றுவிட்டார். "தொழப் போறதுக்கு இப்படியாம்மா?" என்று கூடப் போயிருந்த என்னிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த வெள்ளி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். நசீமா கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை.

நேற்று அவராகவே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "வா கண்ணு, போலாம்" என்றார். மழை விடாமல் பெய்தது. நான் எதிரே இருக்கிற கடையோரம் நின்றேன். தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது, இந்தக் குளிரிலும்.

"என்னாச்சுங்க அத்தா?"

"கடைசி வரிசையில நின்னேன் கண்ணு. நெத்திய தரையில வெச்சா கண்ண மூட முடியல. காது ரெண்டும் வாசல்லயே இருக்குது. பின்னால யாரோ செருப்பக் கழட்டற சத்தத்துக்கு எந்திரிச்சுட்டேன்."

அறுபது வருஷமாகத் தொழுகிற மனிதர், கபீர். உன்னை அவரிடமிருந்து பிடுங்கியவர்கள் அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வழியில் அவரிடம் ஒன்று சொன்னேன். "அத்தா, இனி நான் கடையோரம் நிக்க மாட்டனுங்க. பள்ளிவாசல் கேட்டுலயே நிக்கறேன். வாசல நான் பாத்துக்கறேன், நீங்க கண்ண மூடிக்கோங்க." அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் மதியம் ஃபாக்டரியில் லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டாலும் போவேன். உன் அத்தா பயமில்லாமல் தரையில் நெற்றி வைக்கிற நாள் வரைக்கும் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன், கபீர்.

உன் கூடப் பிறக்காத,
செல்வி அக்கா
கோத்தகிரி