நிலாணி சொன்னது

ஒக்டோபர் 8

கணிதத்தில் இருபதுக்குப் பதினெட்டு. அம்மாவிடம் காட்டவில்லை. கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு லோயர்; இனி எனக்கும் தங்கை நிலாணிக்கும் ஒருவர். பிரிந்து போன அப்பா எங்கள் இருவரையும் மிசிசாகாவில் தன் வீட்டுக்குக் கேட்கிறார். எனக்குப் பதின்மூன்று வயது; என் சொல் எடுபடுமாம். நான் அம்மாவோடு இங்கே மல்வேர்னில்தான் இருப்பேன். நிலாணிக்கு எட்டு.

ஒக்டோபர் 12

நூலகத்தில் குடும்பச் சட்டப் புத்தகம் எடுத்தேன். பிள்ளைகளுக்கு நல்ல லோயர் எப்படி இருக்க வேண்டும்? நானே எழுதிப் பார்த்தேன்: அன்பு. கெட்டித்தனம். எங்கள் பக்கம் நிற்பது.

ஒக்டோபர் 19

லோயர் வந்தார். பெயர் ஷாமிலா, தமிழ்ப் பெண். அம்மா காலையிலிருந்து ரோல்ஸ் பொரித்தார். "அன்ரி எண்டு கூப்பிடுங்கோ, அப்பத்தான் ஒட்டுவா."

ஒட்டவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். "ஷாமிலா எண்டே சொல்லுங்கோ. நான் பிள்ளையளின்ர லோயர். அம்மான்ர ஆளுமில்லை, அப்பான்ர ஆளுமில்லை."

என்னோடு தனியாகப் பேசினார். சொன்னதை எழுதி எனக்கே வாசித்தார். "அப்பாவைப் பிடிக்காது. இப்பிடியோ சொன்னீங்கள்?"

இன்னொருவர் குரலில் கேட்டபோது என்னவோ செய்தது. "கோவம் எண்டு மாத்துங்கோ." மாற்றினார்.

"நிலாணி என்னோடதானே இருப்பாள்?"

"அதை நான் சத்தியம் பண்ண ஏலாது."

'அன்பு' பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

ஒக்டோபர் 23

சனிக்கிழமை ஷாமிலாவோடு பேச நிலாணியின் முறை. தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொடுப்பதுபோல் பத்து வரி எழுதிக்கொடுத்தேன். 'எனக்கு அம்மாவும் அக்காவும் வேண்டும்...' எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எல்லாம். போன வருடம் கீழ்ப்பிரிவில் அவளுக்குத்தான் முதற்பரிசு.

"கையை ஆட்டவோ அக்கா?"

"இதுக்கு வேண்டாம்."

ஒக்டோபர் 26

"முழுக்கச் சொன்னியா?" நிலாணியைக் கேட்டேன்.

"ஓம். வணக்கம் எண்டு தொடங்கி, நன்றி வணக்கம் எண்டு முடிச்சன்."

ஐயோ.

"அவ என்ன சொன்னா?"

"நல்லாப் பேசினீங்கள் எண்டா. பேச்சு முடிஞ்சுதுதானே, இப்ப கதைப்பமோ எண்டு கேட்டா."

"என்ன கதைச்சாய்?"

"உனக்குச் சொல்லமாட்டன்."

நவம்பர் 3

நிலாணி என்ன சொன்னாள் என்று இன்னும் தெரியவில்லை. சட்டப் புத்தகத்தையும் படிக்க முடியவில்லை.

நவம்பர் 16

ஷாமிலா மீண்டும் வந்தார். ஒப்புக்கொண்டேன். "நான்தான் எழுதிக்குடுத்தன். அதால பிழைச்சுப்போச்சோ?"

"தெரியும். அதுதான் நிலாணி அப்பா வீட்டில நிண்டபோதும் போய்க் கேட்டன். ரெண்டு தரம்."

"என்ன சொன்னவள்?"

"அதை அவள்தான் உங்களுக்குச் சொல்ல வேணும்."

"நீங்கள் எனக்கும் லோயர்தானே!" கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்?

அவர் கோபப்படவில்லை. "ஓம். தங்கச்சியை விட்டு இருக்க ஏலாது எண்டு நீங்கள் சொன்னதையும் கோர்ட்டில சொல்லுவன். அவள் சொன்னதையும் சொல்லுவன்."

டிசம்பர் 14

பல் துலக்கும்போது நிலாணி தானாகவே சொன்னாள். "நான் அப்பாவோட இருக்கப்போறன் எண்டு சொன்னனான். அம்மாவோட நீ இருக்கிறாய். அப்பாவோட ஒருத்தருமில்லை."

நுரையைத் துப்பிவிட்டுப் படுக்கப் போனாள். நான் குழாயை மூடாமல் நின்றேன்.

ஜனவரி 25

முடிந்தது. நிலாணிக்குப் பள்ளி நாட்களில் மிசிசாகா. ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியில் இங்கே. அவளுடைய கட்டிலில் அம்மா துவைத்த துணிகளை மடித்து வைக்கிறார்.

பெப்ரவரி 11

நிலாணி எனக்குப் போன் எடுத்தாள். அங்கேயும் தமிழ்ப் பள்ளி, அங்கேயும் பேச்சுப்போட்டி. தலைப்பு 'என் வீடு'.

"எழுதித் தா அக்கா."

"நீ சொல்லு. நான் எழுதுறன்."

மேடையில்போல் தொண்டையைச் செருமினாள். பிறகு, "எனக்கு ரெண்டு வீடு. ரெண்டிலயும் ஆக்கள் குறையுது."

அழகான சொற்கள் எத்தனையோ வாயில் வந்தன. போடவில்லை. எழுதியதை அப்படியே வாசித்தேன். "இப்பிடியோ சொன்னாய்?"

"ஓம்," என்றாள். "ஆனா, நன்றி வணக்கத்தை விட்டிட்டாய்."