துரும்பாகக் கவிழ்த்த ராணி

மச்சாள்,

பயணப்பையின் பக்க உறைக்குள் கைவிட்டபோது உங்கள் சிவப்பு ராணி அகப்பட்டாள். நைந்துபோன சீட்டில் இன்னும் உங்கள் தைல வாசம். ஒஷாவாவில் என் மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்க ஆள் வேண்டுமாம். மகள் பையை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கூட்டிப்போக அவன் வந்துகொண்டிருக்கிறான். இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை.

நீங்களும் இப்படித்தானே மகன்மார் வீடு வீடாகப் பிள்ளை பார்த்துக் களைத்து, கடைசியில் பார்க்டேலுக்கு, இந்த வீட்டுக்கு வந்தீர்கள். என் அண்ணரின் பெண்சாதி என்ற உரிமை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிவியில் யப்பான் படம் ஒன்று போனது. கீழே ஓடிய இங்கிலிஷ் எழுத்து நம் இருவருக்குமே எட்டாது. ஊர் ஊராகத் திரிந்து சூதாடும் ஒருத்தி. அந்நிய வீட்டு வாசலில் முழங்கால் மடித்துக் குனிந்து, ஒரு கையை விரித்து நீட்டி, நெடுநேரம் பேசினாள். பிச்சை கேட்கிறாள் என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிச்சை கேக்கிறவள் உப்பிடி நேர பாப்பாளே? தன்ர ஊரையும் பேரையும் சொல்லுறாள். நான் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டு கதையுங்கோ எண்டுறாள்."

அடுத்த நாள் உங்கள் மகன்மார் வந்தார்கள். இனிப் பிக்கரிங்கில் ஒருவன் வீடா, ஒஷாவாவில் மற்றவன் வீடா என்று உங்களை வைத்துக்கொண்டே தங்களுக்குள் பேசினார்கள். நீங்கள் எழும்பினீர்கள். ஒரு கை முழங்காலில், மறு கை விரித்து நீட்டியபடி. ஊரைச் சொன்னீர்கள், பெற்ற அப்புவின் பெயரைச் சொன்னீர்கள், உங்கள் பெயரைச் சொன்னீர்கள். "நான் மச்சாளோடைதான் இருப்பன்."

"அம்மாவுக்குப் படம் பாத்து மூளை தட்டிப்போட்டுது," என்று சின்னவன் சிரித்தான். உங்கள் செத்தவீட்டில் அவன் அழுதுகொண்டு என் கையைப் பிடிக்க வந்தான். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

நீங்கள் ஊரும் பேரும் சொன்ன அன்றே உங்களை ஒஷாவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகிற நேரம் இந்தச் சீட்டை என் கைக்குள் திணித்தீர்கள். நாம் ஆடிய முந்நூற்றுநாலு சீட்டாட்டத்தில் ஜாக்தான் பெரியவன். ராணி ஒன்பதுக்கும் கீழே. நீங்களோ அவளையே துரும்பாக, மற்றச் சீட்டுகளை வெட்டும் சீட்டாக, முகம் காட்டாமல் கவிழ்த்து வைப்பீர்கள். நான் ஏசுவேன்.

"துரும்பாக் கிடந்தா அவள் ஜாக்கையும் வெட்டுவாள், மச்சாள். நேரம் பாத்துத் திருப்பவேணும்," என்றீர்கள். மகன்மார் முன்னால் நீங்கள் திருப்பினீர்கள், ஒருவரும் பார்க்கவில்லை.

லிப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. பையிலிருந்த சேலைகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கிவிட்டேன். வாசலில் குனிந்து நின்று கையை விரிக்கப் போகிறேன். ஊர், அப்பு, என் பெயர். பேரனைப் பார்க்க வருவேன், நான் சொல்லுகிற நாளில். சிரித்தால் சிரிக்கட்டும், அதையும் மறக்க மாட்டேன்.

ராணியை இடுப்பில் செருகியிருக்கிறேன், முகம் உள்பக்கமாக.