ஈஜிபுரா வீட்டுக்காகச் சொன்ன உறவு

நித்து, என் செல்லப் புளுகுணியே,

வீட்டைக் காலி பண்ணப் போறேன். நீ வாய் சாமர்த்தியத்துல பிடிச்ச வீடு, அதனால உனக்குத்தான் முதல்ல சொல்லணும். கீழ் வீட்டு ரத்னா ஆன்ட்டிக்கே இன்னும் தெரியாது.

இந்த வீட்டுக்கு நாம வந்த கதை உனக்கு மறந்திருக்காது. பிஜி ஹாஸ்டல்ல சாம்பார்ல வெல்லம் போட்டாங்கன்னு நீ வார்டன்கிட்ட சண்டை போட்டுட்டு, "இனிமே இங்க ஒரு வாய் திங்க மாட்டேன்"னு பையைக் கட்டிட்ட. உன் வீறாப்புக்கு நானும் சேர்ந்து பெங்களூர்ல தெருத்தெருவா அலைஞ்சேன். ஈஜிபுரால டு-லெட் போர்டு தொங்கின எல்லா கேட்லயும் ஒரே கேள்விதான்.

"ஃபேமிலியா?"

"இல்லைங்க, ஸ்டூடன்ட்ஸ்."

"பேடாம்மா, பேடா." வேண்டாம்னு கன்னடத்துல ஒரு வார்த்தை, அதோட கதவைச் சாத்திடுவாங்க.

ரத்னா ஆன்ட்டி மட்டும்தான் நின்னு காரணம் சொன்னவங்க. தாத்தா காலத்துல வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம் இல்லையா, நம்ம தமிழைக் கேட்டதும் மனசு கொஞ்சம் இளகிடுச்சு. "ஸ்டூடன்ட்ஸுக்குக் குடுக்கறதில்லம்மா. ஃப்ரெண்ட்ஸுன்னு கை கோத்துக்கிட்டு வருவீங்க. நாளைக்கு ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போயிடுவா. சொந்தக்காரங்கன்னா பாதியில விட்டுட்டுப் போகமாட்டாங்க பாரு" அப்படின்னாங்க.

நீ கண்ணைக்கூடச் சிமிட்டல. "நாங்க சொந்தந்தான் ஆன்ட்டி."

"ஹௌதா, அப்படியா? என்ன முறை?"

அங்கதான் மாட்டினோம். நீ "என் பெரியம்மா பொண்ணு"ன்ன. அதே நேரத்துல நான் "இவளுக்கு நான் அத்தை முறை"ன்னு உளறிட்டேன். எங்க வீட்ல என்னைவிடச் சின்னவளா எனக்கொரு அத்தை இருக்கா, அந்த ஞாபகம். ஆன்ட்டி இடுப்புல கை வெச்சிக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

நீ அலட்டிக்கவே இல்ல. "ரெண்டும் சரிதான் ஆன்ட்டி. இவங்கம்மா எங்கம்மாவோட அக்கா. அவங்க சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கிட்டாங்க. அம்மா வழியில பார்த்தா இவ எனக்கு அக்கா. அப்பா வழியில பார்த்தா அத்தை."

ஆன்ட்டி முகம் மலர்ந்து போச்சு. "அய்யோ, எங்க அக்காவையும் எங்க மாமனுக்குத்தான் குடுத்தோம்! அவ பசங்க எங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு இன்னிக்கும் குழப்பந்தான்." சாவி கைக்கு வந்துடுச்சு. நேரான பொய்யா இருந்தா நம்பியிருக்க மாட்டாங்க.

படியேறும்போது நீ என்னை "அத்தை, பார்த்து ஏறுங்க"ன்ன. நான் உன் முதுகுல ஒண்ணு வெச்சேன்.

அப்புறம் மழைக்காலம். காய்ச்சல்னு அரக்கோணத்துக்குக் கிளம்பின. "ரெண்டு நாள்ல வந்துடறேன், என் தயிர் டப்பாவைத் தொட்டே, கொன்னுடுவேன்"ன்னு வாசல்ல நின்னு மிரட்டின. டெங்குன்னாங்க. ரத்தத்துல தட்டணு இறங்குதுன்னாங்க. அப்புறம் போன் பண்ணினது உன் சித்தப்பா. இதை ஆற அமர எழுத முடியுதேன்னு எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு.

உன்னை எடுத்த அன்னிக்கு உங்க ஊர்ல நான் ஷாமியானா கம்பத்துக்கிட்ட நின்னேன். யாரோ "இது யாரு?"ன்னாங்க. "பெங்களூர்ல கூடப் படிக்கிற பொண்ணு"ன்னு பதில் வந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் சேர் குடுத்தாங்க. உங்கம்மா என்னைப் பார்க்கல. பார்த்திருந்தாலும் என்ன செஞ்சிருப்பாங்க? முதல் வருஷம் பிஜிக்கு வந்தப்போ என்னை "அப்பா என்ன பண்றார்?"ன்னு கேட்டாங்க. ஆம்பூர்ல ஷூ கம்பெனின்னேன். அடுத்த கேள்வி, "ஆம்பூர்ல எந்தத் தெரு?" தெரு பேரைச் சொன்னேன். நான் கொண்டுவந்த பிரியாணியை "இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா"ன்னு தள்ளி வெச்சாங்க. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நீ அந்தத் தட்டையும் எடுத்துச் சாப்பிட்டு முடிச்சே.

திரும்பி ஈஜிபுரா வந்தா, வாசல் கேட் பக்கத்துலயே ஆன்ட்டி ஒரு பக்கெட் தண்ணியோட நிக்கறாங்க. "தலையோட ஊத்திக்கிட்டு மேல போ. துணியைத் தனியா நனை." எனக்கு ஒண்ணும் புரியல. "கூடப் பொறந்த மாதிரி ஆச்சேம்மா, உனக்குத் தீட்டுதான். கருமாதி முடியற வரைக்கும் கோவிலுக்குப் போகாதே, அடுப்பு பத்த வெக்காதே. சாப்பாடு கீழருந்து வரும்."

வந்துச்சு நித்து. இட்லி, ரசஞ்சாதம், ஒரு நாள் அவரைக்கொட்டை உப்புமா. உங்க ஊர்ல எனக்கு எந்தத் தீட்டும் கிடையாது, நான் வெளியாள். இங்க ஒரு பொய்யால எனக்குத் துக்கம் கொண்டாடற உரிமை வந்துடுச்சு. அந்தப் பக்கெட் தண்ணியை ஊத்திக்கிட்டப்பதான் அழுதேன். அதுவரைக்கும் அழுகையே வரல.

போன வாரம் உங்கம்மா உன் சாமானை எடுக்க வந்தாங்க. இந்த வீட்டுக்கு வர்றது இதுதான் முதல் தடவை. ஆன்ட்டி கண்டிப்பா மேல வருவாங்க, பேச்சுக் குடுப்பாங்க. விஷயம் உடைஞ்சா பரீட்சைக்கு முன்னால நான் நடுத்தெருவுல. ஆனா, உண்மையைச் சொல்லட்டுமா? பயம் வீட்டுக்காக மட்டும் இல்ல. நான் உனக்கு அக்காவா இருந்தது உலகத்துலயே அந்த ஒரு மனுஷி கணக்குலதான். அதுவும் போயிடும்னு இருந்துச்சு.

உங்கம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடணும்னு வாயைத் திறந்தேன். அவங்க உன் நீலச் சுடிதாரை மடியில வெச்சு மடிச்சிட்டிருந்தாங்க. எப்படிச் சொல்றது? டீ போட்டுக் குடுத்தேன், தொடல.

ஆன்ட்டி காபி டம்ளரோட வந்தாங்க. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிக்கிட்டாங்க, அழுதாங்க. கண்ணைத் துடைச்சிட்டு, நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டாங்க. "உங்க அக்கா பொண்ணு தங்கமான பொண்ணும்மா. உங்க அக்கா, சொந்த மாமனையே கட்டிக்கிட்டாங்களாமே?"

உங்கம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். மடிச்ச சுடிதாரைப் பிரிச்சு, மறுபடியும் மடிச்சாங்க.

"ஆமாங்க. எங்க அக்கா எங்க மாமனைத்தான் கட்டிச்சு."

அவ்வளவுதான். ஆன்ட்டி காபியைக் குடிக்கச் சொன்னாங்க, உங்கம்மா குடிச்சாங்க.

ஏன் சொன்னாங்க நித்து? நீ முன்னாடியே போன்ல சொல்லிச் சிரிச்சிருக்கியா? என்மேல இரக்கமா? இல்ல, செத்துப்போன மகளை ஒருத்தர் பொய்க்காரின்னு சொல்லிடக் கூடாதுன்னா? கேக்கத் தைரியம் வரல. என் டீ கடைசி வரைக்கும் அப்படியே ஆறிக் கிடந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ஆனா ஆட்டோவுல ஏறினப்புறம் தலையை நீட்டி, "வருஷ திதிக்கு வந்துடு. உறவுன்னு வாயால சொல்லிட்டேன்ல"ன்னாங்க. கோவமா சொன்ன மாதிரிதான் இருந்துச்சு.

ஆட்டோ திரும்பினதும் ஆன்ட்டி என் தோள்ல கை வெச்சாங்க. "தனியா எப்படிம்மா இருப்பே? வாடகையும் ஒருத்தியால ஆகாது. உங்க சொந்தத்துல வேற தங்கச்சி யாராவது இருந்தா கூட்டிட்டு வந்துடு. ஸ்டூடன்ட்ஸ் மட்டும் பேடா."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நீ கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்ப.

நம்ம கிளாஸ் பொண்ணு ஒருத்தி தயாராத்தான் இருக்கா. "சித்தி பொண்ணுன்னு சொல்லிடு, என்ன போச்சு?"ங்கறா. அவ கேக்கறதுல தப்பில்ல, போன வருஷம் நாம சொன்னதுதானே. என்னால முடியாதுன்னுட்டேன். ஏன்னு கேட்டா. அந்த இடத்துல ஆள் இருக்குன்னேன். அவளுக்குப் புரியல.

அதனால காலி பண்றேன். ஆன்ட்டிகிட்ட ஊருக்குப் பக்கமா போறேன்னு சொல்லிக்கறேன், உண்மையைச் சொல்லப் போறதில்ல. உங்கம்மா வாயால சொன்னதைப் பொய்யாக்க நான் யாரு? அந்தக் கிளாஸ் பொண்ணும் நானும் அடுகோடி பக்கமா போர்டு தேடி அலையறோம். "ஃபேமிலியா?"ன்னா "இல்லைங்க, கூடப் படிக்கிறவங்க"ன்னே சொல்றோம். இன்னும் ஒருத்தரும் கதவு திறக்கல. திறப்பாங்க.

உனக்கு ஒரே ஒரு வாக்கு குடுக்கறேன். உன் திதிக்கு வர்ற ரயில் ஆம்பூர் வழியாத்தான் போகும். எங்கம்மா பிளாட்பாரத்துல நின்னு கூப்பிட்டாலும் அன்னிக்கு இறங்க மாட்டேன். அரக்கோணம் வருவேன். "இது யாரு?"ன்னு யாராவது கேட்டா, இந்தத் தடவை நானே பதில் சொல்லுவேன். உளறாம சொல்லுவேன்.

அம்மா வழியில் உன் அக்கா,
அப்பா வழியில் உன் அத்தை,
சுகந்தி