காலிக் கட்டம்

12-7-1976, திங்கள்

இரண்டு மீன்களின் புரத வரிசைகளைக் கட்டத்தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பொருத்திப் பார்த்தேன். புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி; ஒரு அமிலத்துக்கு ஒரு எழுத்து. பாதிவரை ஒத்துப்போனது, பிறகு ஒன்றும் ஒட்டவில்லை. கீழ்வரிசையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மீதியை நகர்த்தினேன். கடைசிவரை பொருந்திவிட்டது.

"இந்த மீன்ல ஒரு அமிலம் உதிர்ந்துபோச்சு. நல்லாப் பாத்திருக்கம்மா. இதையும் சேத்து நாளைக்கே கட்டுரையத் தபால்ல போட்டுருதேன்" என்றார் ஆய்வக சார். நானும் தலையாட்டிவிட்டேன்.

கீழ்வரிசையை மெட்ராஸிலிருந்து இரவல் வந்த ஆய்விதழைப் பார்த்து நான்தான் கையால் எழுதினேன். அன்று துறைமுகத்தில் சங்கு ஊதிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இதழும் திரும்பிப் போய்விட்டது. அந்த எழுத்து மீனிடமே இல்லையா, நான் எழுதாமல் விட்டேனா?

நாளைக்கு சார் ஒன்பதரைக்கு வருவார். தபால் பத்துக்கு எடுப்பார்கள். இதை அவரிடம் சொல்ல எனக்கு இருப்பது அந்த அரைமணி நேரம்தான்.