பூவில் முளைத்த கன்று

பாப்பாவுக்கு,

நீ பெயின்ட் வாளியில் நட்டுவிட்டுப் போன சிவப்பு இஞ்சி பூத்துவிட்டது. அதைச் சமையல் இஞ்சி என்று நினைத்து ஒருநாள் கிழங்கைக் கிள்ளி டீயில் போட்டேன். "இன்னா டீ இது, மண்ணு வாசன அடிக்குது" என்று உன் நைனா கத்தினார். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன்.

சாயங்காலம் மழை தூறி நின்றதும் அந்தச் சிவப்பு, தென்னை நிழலில் மிதக்கிற மாதிரி இருக்கும். துணி எடுக்க வந்ததையே மறந்து நிற்பேன்.

எங்களைக் கேட்காமல் நீ கல்யாணம் செய்துகொண்ட பிறகு உன் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஊத்துக்கோட்டை பஸ்ஸில் உன் கம்பெனி கல்பனாவைப் பார்த்தேன். வாந்தி எடுத்துக்கொண்டே ஷிப்டுக்குப் போகிறாயாமே. நைனாவிடம் நான் சொல்லவில்லை.

நேற்று ஒரு பழைய பூவின் மடல்களுக்குள் குட்டிச் செடிகள் முளைத்திருந்தன. பாரத்தில் தண்டு தரைவரை வளைந்திருந்தது. நைனா குனிந்து பார்த்தார்.

"பூவுலயே புள்ளைங்கள வச்சிக்கினு நிக்குதே."

வளைந்த தண்டை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு, "அவ ஒடம்பு எப்டி கீதாம்?" என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ.

ஒரு குட்டியைக் கிள்ளிச் சின்னத் தொட்டியில் நட்டார். பஸ்ஸில் கொண்டுபோய் உன்னிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் தூக்கிக்கினு அலைய வாணாம். வேர் புடிக்கட்டும். ரெண்டு பேரும் வந்து எடுத்துக்கினு போவட்டும்."

உள்ளே போய் டீ போட்டேன். இஞ்சி, கடையில் வாங்கியதுதான்.

உன் அம்மா