எண்பத்தாறைத் தொடாதே

மைனி,

இன்னைக்குக் காலையில நம்ம கடைக் கம்ப்யூட்டரோட பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே வயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தது உங்க தலைமுடி ரப்பர் பேண்டு. சிவப்பு. அதில உங்க முடி ஒண்ணு சிக்கிக் கிடந்தது, பாதி கறுப்பு பாதி நரை. எடுக்கவா வேண்டாமான்னு யோசிச்சேன். எடுக்கல. தூசியை மட்டும் பிரஷ்ஷால தட்டிட்டுத் தகட்டை மூடினேன். வேலை கிடந்தது.

நீங்க கண்ணை மூடி எட்டு மாசம் ஆகுது. நாலாங் கிளாஸோட நின்ன கை, எழுத்து கோணல்மாணலாத்தான் இருக்கும். நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல.

திங்கக்கிழமையில இருந்து கம்ப்யூட்டர் எழும்பல. புள்ளி புள்ளியா வட்டம் சுத்தும், அணையும், மறுபடியும் சுத்தும். விண்டோஸ் போயிடுச்சுன்னு எனக்கே தெரிஞ்சது. ஆனா பயத்தில டாக்ஸி பிடிச்சு, மடியில வச்சு, மாட்டுங்காவில ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அந்தத் தம்பி பார்த்துட்டு, "பழைய மிஷின்மா. எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசா போட்டுத் தர்றேன்"ன்னு சொன்னாரு.

"எல்லாத்தையும்னா?"

"எல்லாம்தான். உள்ள அப்படி என்ன இருக்கு?"

என்னத்தைச் சொல்ல? எங்க அண்ணன் பெஞ்சாதி, எங்க மைனி இருக்காங்கன்னா சொல்ல முடியும்? மறுபடியும் மடியில தூக்கி வச்சுக்கிட்டுத் தாராவிக்கே வந்துட்டேன்.

அண்ணன் பார்த்துட்டு, "அந்த டப்பாவைப் பழைய சாமான் எடுக்கிற பங்கார்க்காரன்கிட்ட போடு தங்கச்சி, வேற வாங்கிக்கலாம்"ன்னான். உங்களைப் பத்தி அவன் இப்ப பேசுறதே இல்ல மைனி. அந்த மிஷின் பக்கமும் வர்றதில்ல. அதனால அவன்கிட்ட சண்டை போடல. "நான் பார்த்துக்கிடுதேன்"ன்னு மட்டும் சொன்னேன்.

உள்ள இருக்கிறது அவனுக்குத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னு ஒவ்வொரு வேலையையும் நீங்க தமிழ்ல பேசிப் பதிஞ்சு வச்சீங்களே, முப்பத்தாறு ரெக்கார்டிங். பான் கார்டு எப்படிப் போடணும், போட்டோவை எப்படிச் சின்னதாக்கணும், ரயில் டிக்கெட் எப்படி எடுக்கணும். நீங்க இல்லாத எட்டு மாசமும் கடையை நடத்தினது நான் இல்ல, அந்த முப்பத்தாறும்தான். தெரியாத வேலை வந்தா, "அஞ்சு நிமிஷம் இருங்க"ன்னு சொல்லிட்டு, காதில மாட்டிக் கேட்டுட்டு வந்து செஞ்சு கொடுப்பேன். விண்டோஸ் எப்படிப் போடணும்னும் ஒண்ணு இருக்கு. அதுவும் அந்தப் பெட்டிக்குள்ளதான். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டின கதை. வேற எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கணும். நீங்க இருந்தவரைக்கும் அது தோணவே இல்ல.

கடையில என்னை உட்கார வச்ச புதுசில டிஸ்க்குன்னா என்னன்னு கேட்டேன். நீங்க நம்ம ரூமைக் காட்டினீங்க. பத்துக்குப் பத்து. குறுக்க ஒரு பழைய சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படுக்கை. "டிஸ்க்கும் இதாம்ட்டி. ஒரு பக்கம் விண்டோஸ் சமைக்கும், ஒரு பக்கம் நம்ம சாமான் கிடக்கும். அடுப்புப் பக்கத்தை எத்தனை தடவை வேணும்னாலும் கழுவி விடு. படுக்கைப் பக்கம் தண்ணி போகக் கூடாது." வேற யார் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.

வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "கடையில ஆம்பள யாரும் இல்லியா?"ன்னு கேப்பாங்களே, ஞாபகம் இருக்கா? "ஆம்பள வேணும்னா பக்கத்துல சலூன் இருக்கு, நாலு பேர் சும்மாதான் உக்காந்திருக்கான். கம்ப்யூட்டர் சரியாகணும்னா உள்ள வாங்க"ன்னு நீங்க தலையைத் தூக்காமலே சொல்வீங்க. வந்தவங்க செருப்பைக் கழற்றிட்டு வந்து உட்காருவாங்க.

ஆனா அந்தப் பை செய்யிற அண்ணாச்சி விஷயத்தில நான் உங்க மானத்தையே வாங்கிட்டேன். அவர் மிஷின்ல ரெண்டு டிஸ்க். நம்ம மிஷின்ல விண்டோஸ் எப்பவும் வரிசையில மேலதான் இருக்கும், அதனால எல்லா மிஷின்லயும் மேலதான் இருக்கும்னு நினைச்சேன். இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவளுக்கு இடம்தானே அடையாளம்? மேல இருந்ததை அழிச்சேன். அதிலதான் அவர் பை டிசைன் எல்லாம் இருந்தது.

அவர் கடை அதிரக் கத்தினாரு. "படிக்காத பொம்பளையை உக்கார வச்சா இப்படித்தான்!"

நீங்க எந்திரிச்சு நின்னீங்க. "படிச்ச நான்தான் அண்ணாச்சி அழிச்சேன். அவளை எதுக்குத் திட்டுதீங்க?"

அவர் போனதும் என்னை ஒரு வார்த்தை திட்டல. "அது மேல புதுசா எதையும் எழுதாத, கையை எடு"ன்னு மட்டும் சொன்னீங்க. மூணு நாள் உட்கார்ந்து முக்கால்வாசி டிசைனைத் திரும்ப எடுத்துட்டீங்க. அன்னையில இருந்து ஒரு சட்டம் போட்டீங்க: ரெண்டு டிஸ்க் இருந்தா, தொடக் கூடாததை முதல்ல கழற்றி மேசை மேல வை, அப்புறம் வேலையைத் தொடங்கு.

மறுநாள் நம்ம மிஷின்ல நீங்க செஞ்சதுதான் இன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு.

"ஏட்டி, இங்கிலீஷ் வராது. நம்பர் வரும்லா?"

"வரும் மைனி."

"நம்ம ரூம் நம்பர் என்ன?"

"எண்பத்தாறு."

"உங்க அண்ணன் குடிச்சுட்டு வந்தாலும் தப்பாம வந்து சேருத நம்பர். உனக்கு மறக்காதுல்லா?"

ஏதோ கணக்குப் போட்டு, நம்ம சாமான் இருக்கிற பக்கத்தைச் சரியா எண்பத்தாறு ஜிபின்னு வெட்டி வச்சீங்க. "எந்தத் திரையில எண்பத்தாறுன்னு கண்டாலும் அது நம்ம வீடு. எண்பத்தாறைத் தொடாதே."

இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, விண்டோஸ் போடுறதுக்குன்னு நீங்க வச்சிருந்த பென் டிரைவைச் சொருகினேன். கேள்வி கேட்ட இடத்திலெல்லாம் நீங்க அழுத்தின பட்டன் எந்த மூலையில இருந்ததுன்னு நினைச்சு நினைச்சு அழுத்தினேன். டிஸ்க்கோட வரிசை வந்தது.

எண்பத்தாறு இல்ல மைனி.

529 இருந்தது, 100 இருந்தது, 16 இருந்தது, 135 இருந்தது. எண்பத்தாறு இல்ல. டிஸ்க்கே போயிடுச்சோ, மாட்டுங்காக் கடையில எதையாவது தட்டிட்டாங்களோன்னு என்னென்னமோ ஓடுது. ஸ்விட்சை அணைச்சுட்டு அழலாம்னுதான் இருந்தது.

அழுதா யார் வந்து செய்வா? எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன். திரும்ப வந்து அந்தத் திரையையே பார்த்தேன். வரிசைக்கு வலது பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. மவுஸால அதைப் பிடிச்சுக் கீழ இழுத்தேன். இன்னும் ரெண்டு வரி மேல ஏறி வந்தது. ஒண்ணு 547. அதுக்குக் கீழ, கடைசியா, 86.0.

"இருக்கு"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். சலூன்காரர் எட்டிப் பார்த்தாரு.

அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல. அந்தச் சின்னச் சின்னத் துண்டெல்லாம் என்னன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்தது. பழசை எடுக்காம மேல மேல புதுசைப் போட்டவங்க விட்டுட்டுப் போன மிச்சம். "கூட்டாத தரையில பாயை விரிக்காதட்டி." கூட்டினேன். 529-ஐத் தொட்டு, சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தினேன். 100. 16. பழைய விண்டோஸ் இருந்த 135-ஐத் தொட்டப்போ விரலை எடுத்து, மறுபடியும் கீழ இழுத்து, எண்பத்தாறு அங்கேயே இருக்கான்னு பார்த்துட்டு வந்து அழுத்தினேன். 547. எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரே வெறும் தரையாச்சு. அடுப்புப் பக்கம் கழுவியாச்சு, படுக்கைப் பக்கம் ஒரு சொட்டு போகல. அந்த வெறும் தரையில விண்டோஸைப் போட்டேன்.

மத்தியானம் சாப்பிடல. அது ஓடி முடிஞ்சு, ஃபைல் எல்லாம் இருக்கிற மஞ்சள் பெட்டிப் படம் வந்து, அதைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறும் இருந்தது. எதுக்கும் இருக்கட்டும்னு முதல்ல பென் டிரைவில ஒரு காப்பி, அண்ணன் போன்ல ஒரு காப்பி. அவனுக்குத் தெரியாமத்தான் போட்டிருக்கேன். என்னைக்காவது அவனாத் திறந்து கேக்கட்டும்.

விண்டோஸ் போடுறதைப் பத்தினதை மட்டும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். நடுவில குக்கர் விசில் அடிக்குது. நீங்க பாடத்தை விட்டுட்டு, "ஏட்டி, அடுப்பைக் குறை, பருப்புக் குழைஞ்சிரும்"ங்கிறீங்க. "குறைச்சாச்சு"ன்னு என் சத்தமும் தூரத்தில கேக்குது. அன்னைக்குச் சோறு நல்லா இருந்துச்சா மைனி? எனக்கு ஞாபகமே இல்ல.

சாயங்காலம் ஷட்டரை ஏத்தினதும் ஒரு அக்கா வந்தாங்க. வீட்டு வேலை செய்யிறவங்க. மக படிக்கிற கம்ப்யூட்டர் நின்னு போச்சாம். மக பாடமெல்லாம் போயிருமோன்னு முகமெல்லாம் கலவரம். திறந்து பார்த்தா ரெண்டு டிஸ்க். பாடம் இருந்த டிஸ்க்கைக் கழற்றி மேசை மேல அவங்க கண்ணு முன்னால வச்சேன்.

"உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா அக்கா?"

"எங்க வரும்? நம்பர் தெரியும்."

"அது போதும். உங்க ரூம் நம்பர் என்ன?"

"நூத்திப் பன்னெண்டு. அது எதுக்கும்மா?"

"சொல்லுதேன், உக்காருங்க"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.